புத்ராஜெயா அரைநாள் தனிவண்டிச் சுற்றுலா: வயதான பெற்றோருடன் போகலாமா?

குலசேகரத்துப் பொண்ணு

வணக்கம். அடுத்த மாதம் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு கோலாலம்பூர் வருகிறேன். ஐந்து நாள், பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கல். பத்துமலை, இரட்டைக் கோபுரம், கெந்திங் எல்லாம் முடிவாகிவிட்டது. மிச்சம் ஒரு வெள்ளிக்கிழமை இருக்கிறது.

ஒரு முகவர் "புத்ராஜெயா அரைநாள், உங்கள் குடும்பத்துக்கு மட்டும் தனி வண்டி" என்று 320 ரிங்கிட் கேட்கிறார். புத்ராஜெயா என்பது கோலாலம்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் மலேசிய அரசு அலுவலக நகரம். காலை 9.30-க்கு ஏற்றி 1.30-க்குத் திரும்ப இறக்கிவிடுவாராம். புத்ரா மசூதி, பிரதமர் அலுவலகம் (வெளியே நின்று படம் எடுக்க மட்டும்), ஐந்து பாலங்கள், இரும்பு மசூதி, மாநாட்டு மையம், தாவரவியல் பூங்கா, ஏரியில் படகு என்று பட்டியல் அனுப்பியிருக்கிறார். நாலு மணி நேரத்தில் இத்தனையும் பார்ப்பதென்றால் ஓடிக்கொண்டேதான் பார்க்க வேண்டும்.

அப்பாவுக்கு 71 வயது, வலது முட்டி சரியில்லை. அம்மா நன்றாக நடப்பார், ஆனால் வெயில் ஆகாது. அப்பாவுக்குக் கட்டடம் பார்ப்பதில் துளியும் ஆர்வம் கிடையாது. "கவர்மெண்ட் ஆபீசைப் பார்க்கவா பிளேன் ஏறணும்?" என்று இப்போதே ஆரம்பித்துவிட்டார். தாலுகா ஆபீஸ் வாசலில் அவர் நின்ற நாட்களைக் கணக்குப் போட்டால் அவர் கேட்பதும் நியாயம்தான்.

போகலாமா, வேண்டாமா? ரயிலில் போனால் செலவு குறையுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஷா ஆலம் சுமதி

முதலில் கிழமையை மாற்றுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் சுற்றுலாக்காரர்களை மசூதிக்குள் விடமாட்டார்கள். உங்கள் முகவருக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தேதான் அந்த நேரத்தைக் கொடுத்திருக்கிறார்.

ரயிலில் போவது சுலபம். கேஎல் சென்ட்ரல் உங்களுக்கு நடக்கும் தூரம். அங்கிருந்து விமான நிலையம் போகும் கேஎல்ஐஏ டிரான்சிட் ஏறினால் சுமார் இருபது நிமிடத்தில் புத்ராஜெயா. எம்ஆர்டி-யும் 2023-லிருந்து புத்ராஜெயா வரைக்கும் ஓடுகிறது, அது மலிவு, ஆனால் நேரம் பிடிக்கும். இறங்கிய பிறகுதான் தொல்லை. நிலையம் ஒரு ஓரத்தில் இருக்கிறது, பார்க்கவேண்டிய இடமெல்லாம் ஏரிக்கு நடுவில். ஒவ்வொரு இடத்துக்கும் கிராப் (செயலி டாக்சி) கூப்பிட்டு, வெயிலில் நின்று, அப்பாவை ஏற்றி இறக்கி... நான் என் மாமியாரோடு இப்படி ஒரு தடவை போனேன். இரண்டாவது பாலத்துக்கே அவர் வீட்டுக்குப் போகலாம் என்றுவிட்டார்.

உங்கள் நிலைமைக்குத் தனிவண்டிதான் சரி. பேரம் பேசி 250 வெள்ளிக்கு (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம்) கொண்டுவாருங்கள்.

வரைபலகை

நான் நகரமைப்பு படித்தவன். என் ஓட்டு: வேண்டாம்.

கோலாலம்பூரில் நெரிசல் தாங்கவில்லை என்று அரசு அலுவலகங்களை மட்டும் தெற்கே 25 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்தார்கள். அப்போதைய பிரதமர் மகாதீர் காலத்துத் திட்டம். 1997 பொருளாதாரச் சரிவில் வேகம் குறைந்தாலும் நிற்கவில்லை. 1999-ல் பிரதமர் அலுவலகம் குடிபெயர்ந்தது, 2001-ல் கூட்டரசுப் பிரதேசம் ஆனது. ஆனால் நாடாளுமன்றமும் மன்னரின் அரண்மனையும் கோலாலம்பூரிலேயே இருக்கின்றன. சட்டப்படி தலைநகரமும் அதுதான். நீங்கள் பார்க்கப்போவது தலைநகரத்தின் ஆபீஸ் பாதி.

கட்டடங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புத்ரா பாலம் ஈரானில் இஸ்ஃபஹானில் உள்ள காஜு பாலத்தைப் பார்த்துச் செய்தது. மசூதிக்குப் பாரசீகச் சாயல். தாவரவியல் பூங்காவில் ஒரு மொராக்கோ மண்டபம். மலேசியா எங்கே என்று தேடவேண்டியிருக்கிறது. நடுச்சாலை 4.2 கிலோமீட்டர். அணிவகுப்புக்கு அருமையான சாலை, ஆனால் ஒரு டீ குடிக்க அதைக் கடந்துபோக நினைத்தால் மயக்கம் வரும். ஊரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பசுமை என்கிறார்கள், நடக்கும் மனிதன் தலைமேல் மட்டும் அது கிடையாது.

கொஞ்சம் நேர்மையாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீ வாவாசான் பாலம் நிஜமாகவே அழகு. பாய்மரக் கப்பல் சாய்ந்து நிற்பது போலிருக்கும். அப்புறம், மோனோரயிலுக்காகக் கட்டி ஒரு ரயில்கூட ஓடாத தொங்கு பாலம் ஒன்று இருக்கிறது. எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் இருக்காது. நான் போனால் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

டெங்கில்காரன்

குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் ஊர், என்று பார்த்ததும்தான் எழுத உட்கார்ந்தேன், தங்கச்சி. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பதினான்கு வருடம் சுற்றுலா வண்டி ஓட்டியவன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு விட்டுவிட்டேன். ஆகவே உங்கள் 320 வெள்ளிக்கு நான் போட்டி இல்லை. புத்ராஜெயாவுக்கு வாரம் மூன்று நாலு தடவை ஆளேற்றிப் போயிருக்கிறேன். சீனாக்காரர், அரபுக்காரர், நம்ம ஊர்க்காரர் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இங்கே முன்பு என்ன இருந்தது?" வண்டியோட்டிகளில் பாதிப்பேர் "காடு" என்பார்கள். பொய். ரப்பர் தோட்டம் இருந்தது. நான் பிறந்தது அங்கேதான்.

தோட்டத்தின் பேர் பிராங் பெசார். மலாயில் பெரும் போர் என்று அர்த்தம். முதல் உலகப் போரில் சண்டை போட்டுத் திரும்பிய வெள்ளைக்காரர்கள் 1921-ல் தொடங்கிய தோட்டம், அதனால் அந்தப் பேர். நல்ல பால் தரும் மரமாகப் பார்த்து ஒட்டுக்கட்டி ரகம் ரகமாக வளர்த்தார்கள். அந்த ரகங்களுக்கெல்லாம் முன்னால் பி.பி. என்று போடுவார்கள். பி.பி. என்றால் பிராங் பெசார்தான். உங்கள் அப்பாவிடம் பி.பி. 86 தெரியுமா என்று கேளுங்கள். குலசேகரம் பக்கம் ரப்பர் வைத்த ஆளென்றால் தெரிந்திருக்கும். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்று ஒரு ரகத்தை எல்லாரும் நட்டார்களே, அதற்கும் தகப்பனோ தாயோ ஒரு பக்கம் இந்த 86 தான். அவர் கட்டடம் பார்க்க வரவேண்டாம். தன் மரத்தின் பிறந்த ஊரைப் பார்க்க வரட்டும்.

என் அம்மா பதினேழு வயதில் பால்வெட்டும் உளி பிடித்தவர். விடிவதற்கு முன் பெரட்டுக்குப் (ஆள் கணக்கெடுப்பு) போய்ப் பேர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்கு, அதாவது தன் மர வரிசைக்கு, போவார். எங்களை ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டுப் போவார். வெட்டி முடித்து, மங்கில் (மரத்தில் மாட்டும் கிண்ணம்) பால் நிறைந்ததும் வாளியில் ஊற்றி, தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் தூக்கி ஸ்டோருக்கு வந்தால் கிராணி (கணக்கர்) எடை போட்டு எழுதுவார். மழை வந்தால் அன்றைக்குக் கூலி போச்சு. இப்போதும் காலையில் மழை பெய்தால் அம்மா முகம் வாடிவிடும். வேலையை விட்டு முப்பது வருடம் ஆகப்போகிறது.

1990-களின் பிற்பாதியில் அங்கிருந்த நாலு தோட்டத்துச் சனங்களையும் டெங்கில் பக்கம் அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். அந்த வீடுகளைப் பற்றிய பஞ்சாயத்து பெரிய கதை, இங்கே வேண்டாம். ஒன்றுமட்டும் சொல்கிறேன். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடு) வாசலில் முருங்கையும் கோழியும் வைத்திருந்த கிழவிகள் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து என்ன செய்வார்கள்? கீழே பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

ஏரி இருக்கிறதே, 650 ஹெக்டேர், அது முழுக்கச் செயற்கை. சுவாவ், பீசா என்று இரண்டு ஆறு. தண்ணீரைத் தேக்கிப் பள்ளத்தையெல்லாம் நிரப்பினார்கள். சுவாவ் ஆற்றில் நாங்கள் தூண்டில் போட்டிருக்கிறோம். அம்மாவை முதல் தடவை வண்டியில் வைத்துச் சுற்றிக் காட்டியபோது அவருக்கு ஒரு இடமும் புரியவில்லை. மரமில்லை, கோயில் இருந்த மேடு இல்லை, ஸ்டோர் இல்லை. ஒரு வளைவில் சாலை ஏறி இறங்கியது. "இந்த ஏத்தம் எனக்குத் தெரியுது, இங்கதான் வாளி தளும்பும்" என்றார். இடுப்புக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

வரைபலகை ஐயா சொன்ன நிழல் விஷயம் முழுக்க உண்மை. ஆனால் "மலேசியா எங்கே" என்று கேட்டாரே, மாநாட்டு மையத்தை மேலிருந்து பார்த்தால் மலாய் ராஜா இடுப்பில் கட்டும் வெள்ளிப் பட்டைக் கொக்கி மாதிரி இருக்கும். வேண்டுமென்றே அப்படித்தான் கட்டினார்கள். இரும்பு மசூதியும் பழைய நகல் இல்லை. சுவருக்குப் பதிலாக இரும்பு வலை, காற்று தானாக உள்ளே வந்து போகும். நடுமதியம்கூட உள்ளே புழுங்காது.

சரி, உங்கள் அரைநாளுக்கு வருவோம். வியாழக்கிழமைக்கு மாற்றுங்கள், காலையை மாலையாக்குங்கள். மதியம் 2.15-க்குக் கிளம்பினால் மூன்று மணிக்குப் புத்ரா மசூதி. அஸர் (பிற்பகல்) தொழுகைக்கு அடைக்கும் முன் பார்த்துவிடலாம். வாசலில் பெண்களுக்குத் தலைமூடியோடு மேலங்கி கொடுப்பார்கள், அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இளஞ்சிவப்புக் கிரானைட், தூண் மாதிரி நிற்கும் 116 மீட்டர் மினாரா (மசூதிக் கோபுரம்), பின்பக்கம் ஏரி. அதே சதுக்கத்தில் பச்சைக் குமிழ் தெரிவதுதான் பிரதமர் அலுவலகம். ஐந்து நிமிடம் போதும், அங்கே நிழலே கிடையாது. கீழே ஏரிக்கரையில் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன, தே தாரேக் குடியுங்கள்.

அங்கிருந்து பிரெசிண்ட் 16-ல் வேளாண் பாரம்பரியப் பூங்கா. தாமான் வாரிசான் பெர்த்தானியான் என்று ஓட்டுநரிடம் சொல்லுங்கள். பட்டியலில் இல்லையே என்பார். தாவரவியல் பூங்காவை வெட்டிவிட்டு இதைப் போடச் சொல்லுங்கள். அது 92 ஹெக்டேர், அப்பா முட்டிக்கு ஆகாது. இங்கே ரப்பர், செம்பனை, கொக்கோ, பழமரம் எல்லாம் வைத்திருக்கிறார்கள். ஒரு தோட்டம் முழுக்க அழித்த இடத்தில் காட்சிக்குக் கொஞ்சம் ரப்பர் மரம். நான் எத்தனையோ தடவை வண்டியை ஓரம்கட்டி அந்த மரத்தடியில் நின்று சிகரெட் பிடித்திருக்கிறேன். திறப்பு நேரத்தை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தரைக்கு மாநாட்டு மையத்து மேடு. தென்கோடியில் இருக்கிறது. அங்கே நின்றால் முழு சாலையும் நேர்கோடாகத் தெரியும், ஊரை எப்படிப் போட்டார்கள் என்று ஒரு பார்வையில் புரிந்துவிடும். பாலங்களை ஒவ்வொன்றாக இறங்கிப் பார்க்கவேண்டாம், போகிற வழியில் தானாக வரும். ஸ்ரீ வாவாசானில் மட்டும் விளக்குப் போட்ட பிறகு இறங்குங்கள், ஏழரை மணி வாக்கில். படகு அப்பாவுக்குப் பிடிக்கும், உட்கார்ந்தபடியே எல்லாம் பார்க்கலாம். ஆனால் நேரமிருந்தால்தான்.

ஆறு மணி நேரம் ஆகும். 320 கொடுக்கலாம், தப்பில்லை. சுமதி அக்கா 250 என்கிறார், பெட்ரோலும் டோலும் அவர் கொடுப்பாரா?

ஷா ஆலம் சுமதி

அண்ணே, 280-க்கு முடிக்கலாம். நான் அதற்குமேல் ஏறமாட்டேன்.

வரைபலகை

டெங்கில்காரர் ஐயா, நான் புத்ராஜெயா பற்றி ஒரு ஆய்வுக்கட்டுரையே எழுதியவன். அதில் "முன்னாள் ரப்பர் தோட்ட நிலம்" என்று ஒரே வரிதான் எழுதினேன். அந்த நிலத்தில் எத்தனை வீடு, எந்த மேட்டில் கோயில் என்று எந்த வரைபடத்திலும் தேடவில்லை. கொக்கி விஷயம் தெரியும், கோபத்தில் விட்டுவிட்டேன்.

குலசேகரத்துப் பொண்ணு

அண்ணா, அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். பி.பி. 86 என்றதும் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டார். தாத்தா வைத்த முதல் நடவில் அதுவும் இருந்ததாம், பிறகுதான் 600, அப்புறம் 105 என்று போனார்களாம். "பிபி-ன்னா ஏதோ நம்பர்னு நெனச்சேன், ஊர்ப்பேரா?" என்று இரண்டு தடவை கேட்டார். கிழமையை வியாழனுக்கு மாற்றிவிட்டேன். முகவர் 290-க்கு ஒத்துக்கொண்டார். இரண்டு பேர் சொன்னதற்கும் நடுவில்!

ஒரு கேள்வி. பூங்காவில் மரத்தைத் தொட விடுவார்களா? அப்பா தொடாமல் வரமாட்டார்.

டெங்கில்காரன்

தொடலாம். உளியை மட்டும் பையில் கொண்டுவரச் சொல்லாதீர்கள், விமான நிலையத்திலேயே பிடித்துக்கொள்வார்கள்.

குலசேகரத்துப் பொண்ணு

போய் வந்துவிட்டோம். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

நாலு மணிக்கு மழை கொட்டியது. மசூதியை முடித்துவிட்டு வெளியே வரும்போதே வானம் கறுத்துவிட்டது. மேலங்கி அம்மாவுக்குக் கணுக்கால் வரை வந்தது, கழற்ற மனமில்லாமல் இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். உள்ளே குளிர்ச்சி, கம்பளத்தில் அப்பா முட்டியை நீட்டி உட்கார்ந்துவிட்டார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மழையால் படகு போச்சு. கீழே கடையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து ரொட்டி சானாயும் தே தாரேக்கும். அப்பாவுக்கு ஊரைவிட அந்த டீ பிடித்திருந்தது.

ஓட்டுநர் இளைஞர், தமிழ்ப் பையன்தான். பாரம்பரியப் பூங்கா என்றதும் "அங்க ஒன்னும் இல்லையே அக்கா" என்றார். டெங்கில்காரர் அண்ணா எழுதியதைச் சொன்னேன். வண்டி ஓட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருடைய பாட்டியும் ஏதோ தோட்டத்தில் வெட்டியவராம், எந்தத் தோட்டம் என்று அவருக்குத் தெரியவில்லை. போனில் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார். காஜாங் பக்கம் என்று பதில் வந்தது.

மழைவிட்டு ஐந்து மணிக்குப் பூங்கா. எங்களைத் தவிர ஆளே இல்லை. அப்பா தடியை என்னிடம் கொடுத்துவிட்டு ஒரு ரப்பர் மரத்தைக் கையால் தடவிப் பார்த்தார். பழைய வெட்டுத் தழும்பு இருந்தது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு நிமிடம் பார்த்தார். ஏதாவது உருக்கமாகச் சொல்லப்போகிறார் என்று நான் போனைத் தயாராகப் பிடித்திருந்தேன். "வெட்டு ஆழமாப் போயிருக்கு, பட்டை புண்ணாயிருக்கு. தெரியாத எவனோ வெட்டியிருக்கான்" என்றார். அவ்வளவுதான். பிறகு அம்மாவுக்குச் சரிவு எப்படி இருக்கவேண்டும் என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வருடமாக அம்மா கேட்டுக்கொண்டிருக்கும் பாடம்.

மாநாட்டு மையத்து மேட்டில் ஆறு மணிக்கு வெயில் திரும்ப வந்தது. ஈரச் சாலை முழுக்க மின்னியது. அழகாகத்தான் இருந்தது, வரைபலகை மன்னிக்கவேண்டும். ஸ்ரீ வாவாசானில் விளக்குப் பார்த்துவிட்டு ஒன்பதுக்கு அறைக்கு வந்தோம். ரயில் ஓடாத பாலத்தையும் ஓட்டுநர் காட்டினார், காசு கேட்காமல்.

இரும்பு மசூதி பார்க்கவில்லை, நேரமில்லை.

டெங்கில்காரர் அண்ணா, உங்கள் அம்மாவிடம் அப்பா ஒரு வணக்கம் சொல்லச் சொன்னார்.

டெங்கில்காரன்

வணக்கத்தைச் சொன்னேன், அந்த வெட்டு விஷயத்தையும் சொன்னேன். அம்மா கேட்டுவிட்டு, "ஆளைத் திட்டாதீங்க, உளி சாணை பிடிக்காம இருந்திருக்கும்" என்றார். அப்புறம் அவருக்கு ஒரு சந்தேகம்: குலசேகரத்தில் இப்போது வெட்டுக் கூலி எவ்வளவு? அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள்.